மரபில் வராத மரபணு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் தெருவின் மேட்டு முனையில் குடியிருக்கும் பெரியம்மா, போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் சாமான் பட்டியலோடு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து அவர் எடுத்தது நான்காக மடித்த ஓர் ஆய்வுக்கூட அறிக்கை. குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய தம்பி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அறிக்கையின் கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கிளெப்சியெல்லா நிமோனியே. கார்பபெனிமேஸ் ஜீன் கண்டறியப்பட்டது: ஆக்ஸா-48."

"ஜீன் என்றால் வம்சத்தில் வருவதுதானே?" என்று கேட்டார் பெரியம்மா. "அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, எனக்கும் வந்தது. இது தம்பிக்கு யாரிடமிருந்து வந்தது? அவன் பிள்ளைகளுக்கும் வருமா?"

நான் டர்பனில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். இதே வரியை எத்தனையோ அறிக்கைகளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். வீட்டார் அதைப் படித்தால் இப்படி ஒரு பயம் பிறக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தமிழில் சொன்னால் பயம் இன்னும் கூடும். மரபணு என்ற சொல்லுக்குள்ளேயே மரபு உட்கார்ந்திருக்கிறது. அன்று அவருக்குச் சொன்னதை, சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெளிய வேண்டியது, அந்த மரபணு யாருடையது என்பது. அது தம்பியுடையது இல்லை. தம்பியின் இரத்தத்தில் புகுந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாக் கிருமியுடையது. பாக்டீரியா ஒற்றைச் செல் உயிர். அதற்கும் தன் உடம்பைக் கட்டவும் உணவைச் செரிக்கவும் குறிப்புகள் வேண்டும். அந்தக் குறிப்புகள் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கின்றன. கிளெப்சியெல்லாவின் இழையில் ஏறத்தாழ 53 லட்சம் எழுத்துகள் உண்டு. அதில் ஒரு பொருளைச் செய்வதற்கான குறிப்பு எழுதிய பகுதி ஒரு மரபணு. மனிதனின் மரபணுக்களோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆக்ஸா-48 என்பது அந்த மரபணுக் குறிப்பைப் பார்த்துக் கிருமி செய்யும் ஒரு நொதி. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றின் நடுவிலும் நான்கு மூலை கொண்ட சின்ன வளையம் ஒன்று இருக்கும். பாக்டீரியாவைத் தன் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது அந்த வளையம்தான். சுவர் கட்டமுடியாத கிருமி வெடித்துச் சாகும். இந்த நொதியோ அந்த வளையத்தை உடைத்துவிடுகிறது. வளையம் உடைந்தபின் எத்தனை பாட்டில் மருந்து ஏற்றினாலும் பயனில்லை. கார்பபெனெம் என்பது அந்தக் குடும்பத்தில் மிக வலுவான கிளை. மெரோபெனெம், இமிபெனெம், எர்டாபெனெம் எல்லாம் அதில் அடக்கம். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர் எடுக்கும் மருந்து அது. அதையும் உடைக்கும் நொதிக்குத்தான் கார்பபெனிமேஸ் என்று பெயர். கிருமிகள் தப்பிக்க வேறு வழிகளும் வைத்திருக்கின்றன. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும், மருந்து நுழையும் துவாரத்தை அடைக்கும், மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். மருத்துவமனைகளில் இன்று எங்களைத் தூங்கவிடாமல் செய்வது, மருந்தை உடைக்கும் நொதிகள்.

இனி வருவதுதான் பெரியம்மாவின் கேள்விக்கு நேரான பதில். இந்தக் குறிப்பு கிருமிக்கு எங்கிருந்து வந்தது?

நம் குடும்பங்களில் பொருள் இரண்டு வழியாகக் கைக்கு வரும். ஒன்று பரம்பரைச் சொத்து. பாட்டன் வைத்தது, அப்பன் காத்தது, பிள்ளைக்கு வந்தது. மற்றொன்று கைமாற்று. பத்திரமும் சாட்சியும் இல்லாமல் அடுத்த வீட்டில் அவசரத்துக்கு வாங்குவது. பாக்டீரியாவுக்கும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. தன் நீண்ட இழையில் நகலெடுக்கும்போது நேர்ந்த ஒரு எழுத்துப்பிழை, தற்செயலாக மருந்திலிருந்து தப்பிக்க உதவினால், அந்தப் பிழை வழிவழியாக இறங்கும். அது சொத்து. ஆனால் ஆக்ஸா-48இன் குறிப்பு வழக்கமாக அந்த நீண்ட இழையில் இருப்பதில்லை. பெரும்பாலும் அது பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையத்தில், சுமார் 62 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. கிருமி மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி, அருகில் இருக்கும் வேறொரு கிருமியைப் பிடித்து இழுத்து ஒட்டிக்கொண்டு, அந்த வளையத்தின் நகலை அதற்குக் கொடுத்துவிடும். வாங்கும் கிருமி தன் இனமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கிளெப்சியெல்லா கொடுக்கும், ஈ.கோலை என்ற வேறொரு குடல் கிருமி வாங்கும். கொடுத்தாலும் குறையாதது கல்வி என்று பள்ளியில் படித்தோம். இந்தக் கைமாற்றும் அப்படித்தான், கொடுத்த கிருமியிடமும் மருந்தை உடைக்கும் வித்தை அப்படியே இருக்கும்.

மனிதக் குடல் இந்தப் பரிமாற்றத்துக்குத் தோதான சந்தை. கோடிக்கணக்கான கிருமிகள் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு வாழ்கின்றன. நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும், வித்தை தெரியாதவை செத்து இடம் காலியாகும். வித்தை தெரிந்தது மட்டும் பெருகும். ஆக்ஸா-48 முதலில் கண்டறியப்பட்டது 2001இல் இஸ்தான்புல்லில் ஒரு நோயாளியின் கிளெப்சியெல்லாவில். இன்று தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளில் அதிகம் காணப்படும் கார்பபெனிமேஸ் வகை அந்த ஆக்ஸா-48 குடும்பம்தான். அத்தனை தூரத்தை அது கடந்தது ஆட்களின் குடல்களிலும் கைகளிலும்தான். மரபணு என்ற பெயரில் மரபு இருந்தாலும், இந்த ஒன்று நடமாடுவது மரபு வழியாக இல்லை. தம்பியின் பிள்ளைகளுக்கு அது இரத்தத்தில் இறங்காது. கழுவாத கையில் வேண்டுமானால் யாருக்கும் போகும்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஆய்வுக்கூடத்துக்குள் கொஞ்ச நேரம் கூட்டிப்போகிறேன்.

காய்ச்சல் வந்த நோயாளியிடமிருந்து எடுத்த இரத்தம் பத்து மில்லி அளவில் ஊட்டத் திரவம் நிரம்பிய புட்டியில் வரும். புட்டியை 35 டிகிரி வெப்பமுள்ள பெட்டியில் வைப்போம். கிருமி இருந்தால் பெருகும், பெருகினால் கரியமில வாயு வெளிவரும், புட்டியின் அடியில் உள்ள உணரி நிறம் மாறும், இயந்திரம் கூப்பிடும். இரவு ஊறவைத்த மாவு காலையில் பொங்கிப் புளித்திருப்பதைப் பார்த்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பிறகு அந்தத் திரவத்தில் ஒரு துளியை அகார் என்ற ஊட்டக்கூழ் உறைந்த தட்டில் இழுப்போம். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால், கிளெப்சியெல்லா இளஞ்சிவப்பாக, உப்பிய பனித்துளிபோல, பளபளவென்று திட்டுத் திட்டாக நிற்கும். வளையக் கம்பியால் ஒன்றைத் தொட்டுத் தூக்கினால் சில வகைகள் வெண்டைக்காய்ச் சாறுபோல நூலிழுக்கும். தன்னைச் சுற்றி அது போர்த்திக்கொள்ளும் சர்க்கரைப் போர்வையால் வரும் கொழகொழப்பு அது.

அடுத்தது மருந்து வில்லைச் சோதனை. தட்டு முழுவதும் கிருமியைத் தேய்த்து, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வில்லைகளை அதன்மேல் வைப்போம். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. பதினெட்டு மணி நேரம் போனால், மருந்து வேலை செய்த இடத்தில் கிருமி முளைக்காமல் ஒரு தெளிந்த வட்டம் இருக்கும். அதன் அகலத்தை அளந்து, இந்த மருந்து கேட்கும், இது கேட்காது என்று எழுதுவோம். பழைய முறை. நான் மிகவும் மதிக்கும் முறையும் இதுவே. கிருமி எந்த வித்தையால் தப்பிக்கிறது என்று இது கேட்பதில்லை. தப்பிக்கிறதா இல்லையா என்பதைக் கண்முன்னே காட்டும்.

ஆனால் ஆக்ஸா-48 இந்தத் தட்டை ஏமாற்றக்கூடியது. அது கார்பபெனெமை உடைக்கும் வேகம் மற்ற கார்பபெனிமேஸ்களைவிடக் குறைவு. அதனால் தட்டில் வட்டம் விழுந்துவிடும். அளவுகோலை வைத்தால் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மெரோபெனெம் கேட்கும் என்று எழுதிவிடத் தோன்றும். நோயாளியின் உடம்பில் கிருமித்தொகை பெரிதாக இருக்கும்போது அந்த மருந்து தோற்றுப்போகலாம். எர்டாபெனெம் வட்டம் சற்றுச் சுருங்கியிருப்பதைப் பார்த்து, இதில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுவது எங்கள் வேலையின் பாதி. சந்தேகம் வந்தால்தான் மரபணுவைத் தேடிப் போகிறோம்.

தேடும் முறையின் பெயர் பி.சி.ஆர். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்துபோன சொல். 53 லட்சம் எழுத்துகளும் கூடவே பிளாஸ்மிட்டும் இருக்கும் குவியலில், நமக்கு வேண்டியது சில நூறு எழுத்துகள் மட்டும். அந்தப் பகுதியின் இரு முனைகளிலும் பொருந்தும்படி இருபது எழுத்து நீளத்தில் இரண்டு சிறு துண்டுகளைச் செயற்கையாகச் செய்து வைத்திருப்போம். அவற்றுக்கு ப்ரைமர் என்று பெயர். சிறு குழாயில் கிருமியின் டி.என்.ஏ., ப்ரைமர்கள், கட்டுமான எழுத்துகள், நகலெடுக்கும் நொதி எல்லாம் சேர்த்து இயந்திரத்தில் வைப்போம். 95 டிகிரிக்குச் சூடேறும்போது இரட்டை இழை பிரியும். 60 டிகிரி அளவுக்கு ஆறும்போது ப்ரைமர்கள் தம் இடத்தைத் தேடிப் போய் ஒட்டும். மறுபடி 72 டிகிரியில் நொதி அங்கிருந்து எழுதத் தொடங்கும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடி சூடு, மறுபடி குளிர்ச்சி. இரண்டு நான்கு, நான்கு எட்டு. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் அரிசியை இரட்டித்து வைக்கச் சொன்ன கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கேதான். முப்பது சுற்றில் ஒரு துண்டு 107 கோடியாகும். நகல் பெருகப் பெருகக் குழாய்க்குள் ஒளி கூடும், திரையில் ஒரு கோடு மேலே வளையும். ப்ரைமர் ஒட்ட இடமே இல்லையென்றால் கோடு தரையிலேயே கிடக்கும்.

ஒவ்வொரு முறையும் இரண்டு குழாய்களை நோயாளியின் மாதிரி இல்லாமலே ஓட்டுவோம். ஒன்றில் ஆக்ஸா-48 இருப்பது உறுதியாகத் தெரிந்த கிருமி. மற்றொன்றில் வெறும் தண்ணீர். தண்ணீர்க் குழாயில் ஒளி தெரிந்தால் அன்றைய ஓட்டம் முழுவதையும் வீசிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கோ ஒரு துளி தெறித்திருக்கிறது. இத்தனை கோடியாகப் பெருக்கும் கருவிக்கு ஒரு துளி போதும். வேலைக்குப் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தத் தண்ணீர்க் குழாயைத்தான்.

இப்போது இந்த வேலை முழுவதையும் ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கிவிட்டார்கள். கே.பி.சி., என்.டி.எம்., வி.ஐ.எம்., ஐ.எம்.பி., ஆக்ஸா-48 என்ற ஐந்து கார்பபெனிமேஸ் குடும்பங்களையும் ஒரே நேரத்தில் தேடி, ஒரு மணி நேரத்துக்குள் பதில் தரும் கார்ட்ரிட்ஜ்கள் இருக்கின்றன. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைபோல, மரபணுவை விட்டுவிட்டு நொதியையே பிடித்துக் கால் மணி நேரத்தில் கோடு காட்டும் பட்டைகளும் உண்டு. எந்தக் குடும்பம் என்று தெரிவது வெறும் ஆராய்ச்சி ஆசைக்காக இல்லை. செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் என்ற கூட்டு மருந்து கே.பி.சி.யையும் ஆக்ஸா-48ஐயும் அடக்கும்; என்.டி.எம். முன் அது நிற்காது. எழுத்து மாறினால் மருந்து மாறுகிறது. தவறான மருந்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை எழுதுபவர் காசநோயைச் சொல்லாமல் தாண்ட முடியாது. இங்கே டுகேலா ஃபெரி என்ற கிராமப்புற ஊரின் மருத்துவமனையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லா மருந்துக்கும் அடங்காத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது. 52 பேர் இறந்துபோனார்கள். சளி மாதிரி கொடுத்த நாளிலிருந்து எண்ணினால், அவர்களில் பாதிப் பேருக்கு 16 நாட்கள்கூட இருக்கவில்லை. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஒரு நாள் எடுக்கும். அதை வளர்த்து மருந்துச் சோதனை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அறிக்கை தயாராகும்போது படிக்க வேண்டியவர் மண்ணுக்குள் போயிருந்தார். விரைவான மரபணுச் சோதனை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்த 16ஐத்தான் சொல்வேன்.

2011இல் தென்னாப்பிரிக்கா ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரங்களை நாடு முழுவதும் வைக்கத் தொடங்கியது. சளியை நேராக அதில் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள், காசநோய்க் கிருமி இருக்கிறதா, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்ற இரண்டுக்கும் பதில் வரும். காசநோய்க் கிருமிக்குக் கைமாற்று கிடையாது. அதன் மருந்தெதிர்ப்பு எல்லாம் தன் சொந்த இழையில் விழுந்த எழுத்துப்பிழைகள்தான். ரிஃபாம்பிசினைத் தோற்கடிக்கும் பிழைகளில் பெரும்பாலானவை ஆர்.பி.ஓ.பி. என்ற ஒரே மரபணுவில், அதிலும் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியில் விழுகின்றன. அந்த 81 எழுத்துகளையும் ஐந்து சிறு டி.என்.ஏ. துண்டுகளால் மூடிப் பார்த்தது அன்றைய சோதனை. எல்லாம் சரியாக ஒட்டினால் பிழை இல்லை. ஒன்று ஒட்ட மறுத்தால் அங்கே எழுத்து மாறியிருக்கிறது.

அருமையான ஏற்பாடு. ஆனால் எங்கள் வடக்கு எல்லைக்கு அப்பால், அன்று சுவாசிலாந்து என்றும் இன்று எஸ்வாட்டினி என்றும் அழைக்கப்படும் நாட்டில், 2009இல் தொடங்கிய கணக்கெடுப்பில் சேர்த்த, பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க் கிருமிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, அவற்றில் 30 சதவீதம் அதே மரபணுவின் 491ஆம் இடத்தில் பிழை கொண்டிருந்தன. அந்த இடம் 81 எழுத்துகளுக்கு வெளியே இருக்கிறது. ஐந்து துண்டுகளும் அழகாக ஒட்டும், இயந்திரம் எதிர்ப்பு இல்லை என்று சொல்லும், நோயாளி பயன் தராத மருந்தை மாதக்கணக்கில் விழுங்குவார். அதே பிழை பிறகு தென்னாப்பிரிக்காவிலும் காணப்பட்டது.

மரபணுச் சோதனையைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதுதான்: கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். ஐந்து குடும்பங்களைத் தேடச் சொன்னால் ஐந்தைத்தான் தேடும். ஆறாவது ஒன்று உள்ளே இருந்தாலும் கண்டறியப்படவில்லை என்றுதான் அறிக்கை வரும். துவாரத்தை அடைத்துக்கொண்டு தப்பிக்கும் கிருமியும் அதன் கண்ணில் படாது. மறுபக்கமும் உண்டு. மரபணு இருப்பதாலேயே அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஆகாது; குறிப்பு எழுதியிருக்கும், சமையல் நடக்காமலும் இருக்கும். செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் இயந்திரம் எண்ணிவிடும். காசநோய் குணமானவரின் சளியிலும் சில காலம் அது தென்படுவது இதனால்தான். ஆகவே கார்ட்ரிட்ஜ் வந்துவிட்டது, தட்டும் வில்லையும் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. விரைவு ஒன்றிடம் இருக்கிறது, சாட்சி மற்றொன்றிடம் இருக்கிறது. அவசரத்தில் முதலாவதை நம்பி மருந்து தொடங்க வேண்டும், மறுநாள் இரண்டாவதைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

பெரியம்மாவுக்கு இன்னொரு காயம் இருந்தது. இரத்தத் தொற்று தணிந்த பிறகும் தம்பியைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். கையுறையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே போனார்கள். ஏன் என்று வார்டில் யாரும் சொல்லவில்லை. ஒதுக்கிவைப்பது என்றால் என்ன என்று வாழ்ந்து அறிந்த தலைமுறை அவருடையது. இந்தச் சாட்ஸ்வொர்த்தே நிறவெறிச் சட்டத்தால் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்காக 1960களில் எழுப்பப்பட்ட ஊர். தம்பிக்குக் கேவலமான நோய் என்று வார்டில் நினைக்கிறார்களோ என்று குமைந்துகொண்டிருந்தார்.

அவருக்குச் சொன்னேன். தம்பியிடம் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுத்திருப்பார்கள். குடலில் அந்தக் கிருமி இன்னும் தங்கியிருக்கிறது என்று தெரிந்திருக்கும். தங்கியிருப்பது வேறு, நோய் வேறு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் அது அங்கே இருக்கலாம். ஆனால் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு வயிறு திறந்திருக்கிறது, கழுத்தில் குழாய் போகிறது. கிருமி அங்கே போனால் அவருக்கு ஆபத்து. கையுறை அந்த அடுத்த கட்டில்காரருக்காக. தம்பியை யாரும் அருவருக்கவில்லை.

"வீட்டுக்கு வந்தால்?"

"சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழிப்பறைக்குப் போய்வந்தால் கட்டாயம் கழுவ வேண்டும். நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். தட்டு, துணி எல்லாம் வழக்கம்போலக் கழுவினால் போதும். மருத்துவர் சொல்லாமல் எந்த ஆன்டிபயாட்டிக்கும் வாங்கித் தர வேண்டாம். அது அந்தக் கிருமிக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதாகிவிடும். இந்தக் காகிதத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள்."

"அப்படியென்றால் கூழ் ஊற்றும் நாளில் கோவிலுக்கு வரலாமா?"

"நடக்க முடிந்தால் வரட்டும். அண்டாவில் கையை மட்டும் விட வேண்டாம், உட்கார்ந்து குடிக்கட்டும்."

பெரியம்மா அறிக்கையை மறுபடி நான்காக மடித்தார். கைப்பையில் தேடி, தம்பியின் பச்சை அடையாளப் புத்தகத்தை எடுத்து, புகைப்படம் ஒட்டிய பக்கத்தில் அதைச் செருகி வைத்தார். பிறகுதான் சாமான் பட்டியல் வெளியே வந்தது.